எஸ்டெஸ் பார்க்கில் எல்க் பார்ப்பது எப்படி: இலையுதிர்காலப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

கொலராடோவில், ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் கிழக்கு வாசலை ஒட்டிய மலையூர் எஸ்டெஸ் பார்க். இலையுதிர்காலம் வந்ததும் எல்க் மான்கள் மேட்டுக் காடுகளிலிருந்து இறங்கி, ஊரைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் இணைசேரக் கூடும். நம் ஊர் மிளாவை விடப் பெரிய மான் இது. வளர்ந்த ஆண் சாதாரணமாக 300 கிலோவைத் தாண்டும். எங்கள் வீட்டில் ஆண் எல்க்குக்குக் கொம்பன் என்று பெயர். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக ஊரிலிருந்து வரும் பெற்றோர்களையும் நண்பர் குடும்பங்களையும் இங்கே கூட்டிப்போயிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். மதியம் வருகிறார்கள், காரிலேயே பூங்கா முழுக்கச் சுற்றுகிறார்கள், பிள்ளைகள் களைத்ததும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மான்கள் காட்டை விட்டு வெளியே வரும் நேரமே அதுதான். அதனால் கீழே சொல்லும் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். இதில் எதையும் விட, ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருக்கும் ஆறாம் படி முக்கியம். மற்றவை எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கான ஏற்பாடு.

1. தேதியைக் குறியுங்கள்

தமிழ் நாட்காட்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எளிது. புரட்டாசி பிறந்து முடிவதற்குள் போய்விட வேண்டும். செப்டம்பர் நடுவில் சூடுபிடிக்கும் இணைசேர்ப்பு அக்டோபர் நடுவில் ஓயத் தொடங்கும். ஒரே வாரம்தான் கிடைக்கும் என்றால் செப்டம்பர் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுப்பேன். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி நிற்பதும் பெரும்பாலும் அப்போதுதான். கொலு அழைப்புகளும் பல ஆண்டுகளில் இதே வாரங்களில் வரும். இரண்டையும் முன்கூட்டியே பேசி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

"இந்த வருஷம் குளிர் தாமதம், அக்டோபர் கடைசியில் போகலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் ஏமாறுகிறார்கள். இணைசேரும் காலத்தை முடிவு செய்வது குளிரல்ல, பகல் குறைவது. பெண் எல்க் எட்டரை மாதம் சுமந்து, புல் தளிர்க்கும் ஜூன் வாக்கில் கன்று போட வேண்டும். அதனால் வெயில் அடித்தாலும் பனி விழுந்தாலும் காலம் பெரிதாக மாறாது. வெப்பமான நாளில் ஒன்று மட்டும் மாறும்: மான்கள் நிழலைவிட்டு வெளியே வர இன்னும் நேரமாகும்.

குறைந்தது ஓர் இரவு தங்குங்கள். ஒரு மாலை, ஒரு விடியல் என இரண்டு வாய்ப்பு கிடைக்கும். டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தானே என்று ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் மலைப்பாதையில் இருட்டில் களைப்போடு ஓட்டவேண்டியிருக்கும். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் கூட்டமும் பாதி, அறை வாடகையும் குறைவு.

2. நுழைவு அனுமதியின் இரண்டு வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். சில ஆண்டுகளாகவே இந்தப் பூங்காவில் மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிவரை நேரம் குறித்த முன்பதிவு நடைமுறையில் இருக்கிறது. கட்டணச் சீட்டு வேறு, முன்பதிவு வேறு. ஆண்டுச் சீட்டு கையில் இருந்தாலும் முன்பதிவு தேவை.

முன்பதிவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பேர் லேக் (Bear Lake) என்னும் ஏரிக்குப் போகும் சாலையையும் சேர்த்தது. அந்தச் சாலைக்குக் காலை 5 முதல் மாலை 6 வரை இது வேண்டும். மற்றது பூங்காவின் மீதிப் பகுதிக்கு மட்டும். அங்கே காலை 9 முதல் மதியம் 2 வரைதான் கட்டுப்பாடு. எல்க் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: புகழ்பெற்ற மொரெய்ன் பார்க் புல்வெளி பேர் லேக் சாலையில் இருக்கிறது. ஹார்ஸ்ஷூ பார்க் புல்வெளி அந்தச் சாலையில் இல்லை.

இதிலிருந்து ஒரு வழி பிறக்கிறது. முன்பதிவே கிடைக்காதவர்கள் மதியம் 2 மணிக்கு மேல் ஃபால் ரிவர் வாசல் வழியாக நுழைந்து நேரே ஹார்ஸ்ஷூ பார்க் போகலாம். மறுநாள் காலை 9 மணிக்கு முன்பும் அதே போல. எல்க் வெளியே வரும் இரண்டு வேளைகளும் கட்டுப்பாட்டு நேரத்துக்கு வெளியே இருப்பது நமக்கு வசதி. மொரெய்ன் பார்க்தான் வேண்டும் என்றால் முன்பதிவு செய்யுங்கள், இல்லையேல் மாலை 6 மணிக்கு மேல் போங்கள். செப்டம்பர் கடைசியில் 6 மணிக்கு இன்னும் வெளிச்சம் இருக்கும், நிறுத்த இடம்தான் இருக்காது.

முன்பதிவு ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் மாதத் தொடக்கத்தில், அடுத்த மாதத்துக்காகத் திறக்கும். மிச்சம் வைத்த இடங்களை முந்தின நாள் மாலையில் விடுவார்கள். கிளம்பும் முன் அந்த ஆண்டின் நேரங்களைப் பூங்காவின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்து, உறுதிச் சீட்டைக் கைபேசியில் படமாகச் சேமித்துவிடுங்கள். வாசலுக்கு அருகில் சிக்னல் கிடைக்காமல் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை மட்டுமே.

ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவருபவர்களுக்கு ஒரு செய்தி. 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயது நிரம்பியவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வசூலிக்கும் 11 பூங்காக்களில் இதுவும் ஒன்று. அதிக நாட்கள் பல பூங்காக்களைப் பார்க்கப்போகிறார்கள் என்றால் வெளிநாட்டவருக்கான 250 டாலர் ஆண்டுச் சீட்டு மலிவாகிவிடும். வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள். வாசலில் பின்னால் இருபது கார் நிற்கும்போது இந்தப் பேச்சு நல்லதல்ல.

3. முதல் நாளில் உடம்பைப் பழக்குங்கள்

எஸ்டெஸ் பார்க் 2,293 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஊட்டி உயரம். ஊட்டிக்குப் போய் ஒன்றும் ஆகாத பெரியவர்களுக்கு ஊருக்குள் பொதுவாகச் சிரமம் இருக்காது. ஆனால் பூங்காவுக்குள் போகும் டிரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர்வரை ஏறும். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். முதல் நாளே உச்சிக்குப் போனால் தலைவலியும் குமட்டலும் வந்து, மாலையில் மான் பார்க்க வேண்டிய நேரத்தில் அறையில் படுத்திருப்பார்கள்.

அதனால் முதல் நாள் புல்வெளி, இரண்டாம் நாள் உச்சி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடிக்கவேண்டும், காற்று அவ்வளவு வறட்சி. இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ள பெரியவர்கள் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவது நல்லது.

4. பையில் என்ன வைப்பது

நடப்பதற்கான பை இல்லை இது. அசையாமல் உட்காருவதற்கான பை. நடக்கும்போது உடம்பு சூடாகிவிடும். உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கும். மதியம் சட்டையோடு திரிந்தவர்கள் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் பல் கிட்டிக்க நிற்பார்கள். விடியற்காலையில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் போவது சாதாரணம்.

உள்ளே தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் கோட்டு. குல்லா, கையுறை, தடித்த காலுறை. சேலை கட்டும் அம்மாக்களுக்குப் பாவாடைக்குள் தெர்மல் பேன்ட்டும் கம்பளிக் காலுறையும் போட்டுவிடுங்கள், செருப்பு வேண்டாம். என் அம்மா முதல் வருஷம் "எனக்குக் குளிராது" என்று செருப்போடு வந்து அரைமணி நேரத்தில் காருக்குள் போய்விட்டார். அடுத்த முறை ஷூவும் காலுறையுமாக வந்து, கடைசியாக எழுந்தவரே அவர்தான்.

மடக்கு நாற்காலி ஆளுக்கொன்று. தரையில் விரிக்க ஜமுக்காளம் போதாது, ஈரமும் குளிரும் கீழிருந்து ஏறும். பைனாகுலர் 8 மடங்கு பெரிதாக்கி, 42 மில்லிமீட்டர் வில்லை உள்ளதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். 12 மடங்கு, 16 மடங்கு என்று வாங்குபவர்கள் கை நடுக்கத்தில் ஒன்றும் பார்க்கமுடியாமல் தவிக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்று என்றால் சண்டை வரும். இரண்டாவது கொண்டுவாருங்கள்.

ஃப்ளாஸ்கில் சுக்குக் காபி. பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும் முன்பே, நாலரை மணிக்கு, காருக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். புளியோதரையும் தயிர் சாதமும் நன்றாக இருக்கும், ஆனால் புல்வெளியோரத்தில் டப்பா திறக்கக்கூடாது. இது ஏன் என்று கரடி பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

5. பகலிலேயே இடத்தைப் பார்த்துவையுங்கள்

மாலை இருட்டில் முதன்முறையாக இடம் தேடாதீர்கள். மதியம் மூன்று மணி வாக்கில் ஹார்ஸ்ஷூ பார்க் வழியாக ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் போதும். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

கார் முழுதாக வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒதுங்கிடம் எது? மான் மாலையில் வெளியே வரக்கூடிய காட்டோரம் எந்தப் பக்கம்? உங்களுக்கும் அந்தக் காட்டோரத்துக்கும் நடுவே சாலை இருக்கிறதா? மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. மான் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும் இடத்தில் கூட்டம் நின்றால் அது வெளியே வராமலே நின்றுவிடும். மரங்களும் புல்வெளியும் ஒரே பக்கம், நீங்கள் மறுபக்கம் என்று அமைவதே நல்லது.

மான் எங்கே வரும் என்பதற்குப் பகலிலேயே அடையாளம் கிடைக்கும். இளம் மரங்களின் பட்டை இடுப்பு உயரத்துக்கு உரிந்து, கிளைகள் முறிந்து தொங்கினால் அங்கே கொம்பன் கொம்பு தேய்த்திருக்கிறது. சேறு கலங்கி, குழிபோல் இருந்தால் அது புரண்ட இடம். அதில் தன் சிறுநீரையே கலந்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். காற்று வாட்டமாக இருந்தால் அந்த வாடை சாலைவரைக்கும் வரும்.

பூங்காவின் தன்னார்வலர்களைப் பார்த்தால் தயங்காமல் பேசுங்கள். இந்தப் பருவத்தில் பூங்காவே அவர்களை மாலையில் புல்வெளியோரங்களில் நிறுத்துகிறது. நேற்று கூட்டம் எந்தப் பக்கம் மேய்ந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இணையத்தில் தேடும் எந்த வரைபடத்தையும் விட இந்த ஒரு கேள்வி பலன் தரும்.

6. மாலை ஐந்து மணிக்கு உட்காருங்கள், எழாதீர்கள்

ஐந்து மணிக்குள் இடத்தில் இருங்கள். இன்ஜினை அணைத்துவிடுங்கள். இதைத் திரும்பச் சொல்கிறேன், ஹீட்டருக்காகக்கூட ஓடவிடாதீர்கள். பக்கத்துக் காரின் இன்ஜின் ஓடினால் பணிவாகக் கேளுங்கள், பெரும்பாலும் அணைத்துவிடுவார்கள். இங்கே முதலில் வேலை செய்ய வேண்டியது காது. கண்ணுக்கு வேலை பிறகுதான் வரும்.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை, மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலைவரை புல்வெளிக்குள் கால் வைப்பது தடை. சாலையிலும் குறிக்கப்பட்ட பாதையிலும் மட்டுமே நிற்கலாம். "நாலு அடிதானே" என்று இறங்குபவர்களால்தான் கூட்டம் மொத்தமும் காட்டுக்குள் திரும்பிப்போகிறது. அபராதத்தை விடுங்கள், அன்று மாலை அங்கே உட்கார்ந்திருக்கும் இருநூறு பேருக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்காது. புதியவர்கள் இங்கேதான் பொறுமை இழந்து, "மொரெய்ன் பார்க்கில் இருக்கும், அங்கே போகலாம்" என்று காரை எடுப்பார்கள். அங்கே போனால் நிறுத்த இடம் இருக்காது. திரும்பி வந்தால் இங்கேயும் இருக்காது. ஒரு மாலைக்கு ஒரு புல்வெளி என்று முடிவெடுத்துவிடுங்கள்.

பிறகு தூரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஓர் ஓசை வரும். அடித்தொண்டையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, கீச்சென்று விசிலாக உச்சம் தொட்டு, கடைசியில் நாலைந்து உறுமலாக உடையும். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து இப்படி மெல்லிய ஓசை வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. "ஏதோ பறவை" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஓசை வந்த திசையைக் கையால் காட்டச் சொல்லுங்கள், பிள்ளைகள் பெரியவர்களை விடச் சரியாகக் காட்டுவார்கள். அந்தத் திசையில் மரங்களின் அடிப்பகுதியைப் பைனாகுலரால் தடவிக்கொண்டே இருங்கள்.

முதலில் வெளியே வருவது பெண்கள். ஒன்று வந்து நின்று காதைத் திருப்பும், பிறகு ஒவ்வொன்றாக மற்றவை, கன்றுகளும். கொம்பன் கடைசியில் வரும், அல்லது பக்கவாட்டில் திடீரெனத் தெரியும். செப்டம்பர் கடைசியில் சூரியன் மறைவது ஏழு மணிக்குச் சற்று முன்தான் என்றாலும், மேற்கே மலை இருப்பதால் புல்வெளியில் நிழல் வெகுமுன்னே விழும். நிழல் விழுந்ததிலிருந்து கண் தெரியாமல் போகும்வரையான நேரம்தான் நீங்கள் பயணம் செய்து வந்ததற்கான நேரம். அதில் கைபேசி பார்க்காதீர்கள். திரை வெளிச்சத்தில் ஒருமுறை கண் கூசிவிட்டால் மறுபடி இருட்டுக்குப் பழக நெடுநேரமாகும்.

7. தூரத்தை மனதில் அளந்துவையுங்கள்

எல்க்கிடமிருந்து குறைந்தது 75 அடி, அதாவது 23 மீட்டர். கரடிக்கும், எல்க்கை விடப் பெரிய மானான மூஸுக்கும் 120 அடி, 36 மீட்டர். பூங்காவே சொல்லும் கணக்கு: இரண்டு பஸ் நீளம், மூன்று பஸ் நீளம். கையை முழுதாக நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரலுக்குப் பின்னால் மான் முழுதாக மறைந்தால் போதுமான தூரம். மறையாவிட்டால் பின்வாங்குங்கள். பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தால் பெரியவர்களை அவர்களே இழுத்துக்கொண்டு வருவார்கள்.

இந்தத் தூரம் கணக்கு, அவ்வளவுதான். மான் மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்த்தால், நீங்கள் எவ்வளவு தள்ளியிருந்தாலும் அது கிட்டம்தான். காதைப் பின்னால் மடக்குவது, மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி உங்களையே நோக்குவது, தலையைத் தாழ்த்திக் கொம்பைச் சாய்ப்பது, இவை எல்லாம் எச்சரிக்கை. திரும்பி ஓடாமல், முகம் பார்த்தபடி மெல்லப் பின்னால் போங்கள். காரோ மரமோ நடுவில் வரட்டும்.

நான் பார்த்த ஆபத்தான தருணங்கள் எல்லாம் ஒரே வகை. பெண்கள் சாலைக்கு ஒருபுறம், கொம்பன் மறுபுறம், நடுவில் படம் எடுக்க ஒரு குடும்பம். அப்போது அதன் கண்ணுக்கு நாமும் போட்டிக்கு வந்தவர்களே. எனவே ஒரு மானைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மற்றவை எங்கே? அது தெரியும்வரை காரை விட்டு இறங்காதீர்கள்.

ஊரில் கோயில் யானையைத் தொட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். "சாதுவாத்தானே நிக்குது" என்பார்கள். கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள், அங்கே வைத்துக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

இந்தத் தூரம் நம் பாதுகாப்புக்கு மட்டுமல்ல. இந்த வாரங்களில் கொம்பன் சரியாக மேய்வதே இல்லை. கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் கூவுகிறது, துரத்துகிறது, சண்டை போடுகிறது. மிச்சத்தை வைத்துப் பனிக்காலத்தைக் கடக்க வேண்டும். நம்மால் அது ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அந்த மிச்சத்திலிருந்து போகிறது.

8. நடப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் கொம்பை எண்ணிவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். முதிர்ந்த கொம்பனுக்குப் பக்கத்துக்கு ஆறு கிளை இருப்பது வழக்கம், ஒரு வயதுக்காரனுக்கு ஒற்றைக் குச்சி. ஆனால் காட்சி கொம்பில் இல்லை, அசைவில் இருக்கிறது.

கழுத்தை நீட்டித் தாழ்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து ஒரு பெண்ணை நோக்கி ஓடினால், கூட்டத்தை விட்டு நழுவுபவளைத் திருப்பிக் கொண்டுவருகிறது. உதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து நின்றால், பெண்ணின் சிறுநீர் வாசத்தை வைத்து அவள் தயாரா என்று அறிகிறது. புல்வெளி ஓரத்தில் சும்மா மேய்வதுபோல் நடிக்கும் இளைய ஆண்களைக் கவனியுங்கள். கொம்பன் ஒரு பக்கம் போட்டியாளனைத் துரத்திப் போகும் நேரத்தில் மறுபக்கம் இவர்கள் உள்ளே நுழைவார்கள். நான் முதலில் பார்ப்பது எப்போதும் இந்த ஓரக்காரர்களைத்தான். அடுத்து என்ன நடக்கும் என்று அவர்கள் நிற்கும் இடமே சொல்லிவிடும்.

இரண்டு சம பலமுள்ள கொம்பன்கள் சந்தித்தால் உடனே மோதிக்கொள்ளாது. பக்கத்தில் பக்கத்தில் இணையாக நடந்து ஒன்றையொன்று அளக்கும். பெரும்பாலும் ஒன்று விலகிவிடும். விலகாவிட்டால் கொம்போடு கொம்பு பூட்டித் தள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் முன்னால் போகத் தோன்றும். போகாதீர்கள், தோற்றது எந்தத் திசையில் ஓடிவரும் என்று யாருக்கும் தெரியாது.

பெண் எல்க் நாய் குரைப்பதுபோல் ஒற்றைக் குரல் கொடுத்தால் கூட்டத்துக்கு அபாய அறிவிப்பு. கயோட்டி என்னும் சிறிய ஓநாய் போன்ற விலங்கு வந்திருக்கலாம். பெரும்பாலும் யாரோ புல்வெளிக்குள் இறங்கியிருப்பார்கள்.

9. படம் எடுப்பதானால்

ஃப்ளாஷை முதலிலேயே அணைத்துவையுங்கள், காரிலேயே. டார்ச் அடித்து மான் தேடுவதும், ஊதுகுழலாலோ கைபேசியில் பதிந்த குரலாலோ கூப்பிடுவதும் இங்கே சட்டப்படி குற்றம். ட்ரோன் எல்லாத் தேசியப் பூங்காவிலும் தடை. வெளிச்சம் இருக்கும்வரை எடுத்துவிட்டு, மங்கியதும் கேமராவை வைத்துவிட்டு ஓசையை மட்டும் பதிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் படங்களை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அந்த ஒலிப்பதிவைப் பாட்டி இன்னும் கேட்கிறார்.

10. இருட்டில் திரும்புவது

எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். நீங்கள் கால்மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள், கார்கள் போனபின் கூவல் இன்னும் நெருக்கமாகக் கேட்கும். ஓட்டும்போது அறிவிப்புப் பலகையில் உள்ள வேகத்தையும் விடக் குறைவாகப் போங்கள். ஒரு மான் கடந்தால் நின்றுவிடுங்கள், பின்னால் இன்னும் வரும். முதல் மான் போனதும் வேகம் எடுப்பவர்கள்தான் இரண்டாவதில் மோதுகிறார்கள். வழியில் மான் தெரிந்தாலும் சாலை நடுவே நிறுத்தாதீர்கள். ஒதுங்கிடம் இல்லையென்றால் அந்தக் காட்சி உங்களுக்கு இல்லை, போய்க்கொண்டே இருங்கள்.

அறைக்கு வந்ததும் தூங்கும் முன் ஒரு வேலை பாக்கி. காரில் இருக்கும் சாப்பாட்டு டப்பா, முறுக்குப் பை, பழத்தோல், ஏன் பற்பசை முதற்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிட்டுக் காரைப் பூட்டுங்கள். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கருங்கரடி நாளுக்கு 20,000 கலோரிவரை தேடித் தின்னும். காரின் கைப்பிடியை இழுத்துத் திறக்கவும் அதற்குத் தெரியும். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி ஊருக்குள் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாகிவிடும். புல்வெளியோரத்தில் டப்பாவைத் திறக்காதீர்கள் என்று சொன்னதும் இதனால்தான். சிந்திய ஒரு பிடி புளியோதரை அடுத்த நாள் யாரோ ஒரு விலங்கைச் சாலையோரத்துக்கு இழுக்கும்.

11. விடியலை விட்டுவிடாதீர்கள்

முதல் மாலை நன்றாக அமைந்துவிட்டால் மறுநாள் காலை எல்லாரும் தூங்கிவிடுவார்கள். எழுப்புங்கள். காலையில் கூட்டம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன் எழும், அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். மேய்ந்து முடித்த கூட்டம் காட்டுக்குத் திரும்பும் ஊர்வலத்தைப் பார்க்கலாம். உறைபனி படிந்த புல், வாயிலிருந்து புகையாக மூச்சு, அதோடு கூவல். கொம்பனின் மூச்சு வெளியே வருவது முதலில் கண்ணுக்குத் தெரியும், ஓசை அரைநொடி கழித்துக் காதுக்கு வரும்.

மான் முதுகில் கருப்பு வெள்ளை மாக்பை உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதையும் இப்போது பாருங்கள். நம் ஊரில் மாட்டின் மேல் ஏறி நிற்கும் கரிச்சானும் மைனாவும் நினைவுக்கு வரும்.

பெரியவர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் எழ முடியாதென்றால் கவலை வேண்டாம். எல்க் ஊருக்குள்ளேயே வரும். எஸ்டெஸ் ஏரியைச் சுற்றிய நடைபாதையிலும் கோல்ஃப் மைதானத்திலும் காலை எட்டு மணிக்கும் நிற்கும். ஊருக்குள் நிற்பதால் சாது என்று எண்ணிவிடாதீர்கள். 75 அடி அங்கேயும் 75 அடிதான். நடைபாதையை மறித்து நின்றால் நாம்தான் சுற்றிப்போக வேண்டும்.

12. இரண்டாம் நாள் உச்சிக்கு, பிறகு மேற்கே

உடம்பு பழகியபின் டிரெயில் ரிட்ஜ் சாலையில் ஏறுங்கள். எஸ்டெஸ் பார்க்கிலிருந்து மறுபக்கம் கிராண்ட் லேக் ஊர்வரை 48 மைல், அதில் 11 மைல் மரமே வளராத உயரம். கிளம்பும் முன் சாலை நிலவரத்தைப் பாருங்கள். செப்டம்பரிலேயே பனி விழுந்து ஒரு நாள், இரண்டு நாள் மூடுவதுண்டு. அக்டோபர் நடுவில் பெரும்பாலும் பருவம் முழுவதற்குமே மூடிவிடுவார்கள்.

உச்சியில் பாறைக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து கீச்சென்ற ஒலிக்குக் காத்திருங்கள். பைக்கா என்னும் கையளவு விலங்கு, முயலுக்கு உறவு, வாய் நிறையப் புல்லோடு பாறைக்குள் ஓடும். அது பனிக்காலம் முழுக்கத் தூங்குவதில்லை, அதனால் வைக்கோல் சேர்த்து வைக்கிறது. ஒரு பாறையைக் குறித்துவைத்துப் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால், போன வழியிலேயே திரும்பி வரும். நேற்று மாலை பழகியதே இங்கேயும்.

சாலை மேற்கே இறங்கியதும் கவுனீச்சி பள்ளத்தாக்கு. கொலராடோ ஆறு இங்கே சிற்றோடைதான். அதன் கரையில் வில்லோ புதர்களுக்கு நடுவே மூஸ் நிற்கும். கயோட்டி வேலி (Coyote Valley) என்ற நடைபாதை சமதளம், பெரியவர்களும் நடக்கலாம். இங்கே எல்க் பார்த்த பழக்கத்தில் நடக்காதீர்கள். மூஸ் கூட்டமாக இருக்காது, எல்க் போல ஓங்கிக் கூவாது, புதருக்குள் நிற்பது கிட்டே போகும்வரை தெரியாது. அதனால் வளைவுக்கு முன் நின்று பார்த்து, மெல்லப் பேசிக்கொண்டே போங்கள். பிடரி மயிர் சிலிர்த்து, காது பின்னால் மடங்கி, உதட்டை நக்கினால் நேரத்தை வீணாக்காமல் பின்வாங்குங்கள். துரத்தினால் பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். இந்தப் பூங்காவின் நடைபாதைகளில் நாய் கூட்டிவர அனுமதி இல்லை. மூஸின் கண்ணுக்கு நாய் ஓநாய்தான்.

வெயில் சாய்வதற்குள் மீண்டும் உச்சியைக் கடந்து கிழக்கே இறங்கும்படி நேரம் வையுங்கள். மேலே இருட்டிவிட்டால் சாலையோரத்தில் தடுப்பு இல்லாத இடங்கள் நிறைய, பனித்துளி உறைந்து வழுக்கும். மூன்றரை மணிக்குக் கவுனீச்சியிலிருந்து திரும்பினால், ஐந்து மணிக்கு ஹார்ஸ்ஷூ பார்க்கில் நாற்காலி விரிக்கலாம்.